யூஎஸ்பி 3.0 ஹப்: அடாப்டர் இல்லாத மாடல் யாருக்குப் போதும்?

கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் மட்டும் என்றால் பவர் அடாப்டர் இல்லாத நாலு போர்ட் ஹப் (ஒரு யூஎஸ்பி போர்ட்டை நாலாக்கும் சின்னப் பெட்டி) தாராளமாகப் போதும். ஹார்டு டிஸ்க் மாட்டுவதென்றால் வேண்டவே வேண்டாம். கம்ப்யூட்டரின் 3.0 போர்ட் தருவது 900 மில்லிஆம்பியர் கரன்ட். நாலு போர்ட்டும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதற்கே அவ்வளவும் தேவைப்படும். 'டிக், டிக்' என்று சத்தம் வந்து டிரைவ் மறைந்தால் பெரும்பாலும் கரன்ட் பற்றவில்லை என்று அர்த்தம். காப்பி ஆகிக்கொண்டிருந்த ஃபைலும் கெட்டுப்போகலாம். தனி அடாப்டரோடு வரும் மாடலையே வாங்குங்கள்.

ஹப்பைப் பழைய 2.0 போர்ட்டில் செருகினால் வேகம் நொடிக்கு 5 ஜிகாபிட்டிலிருந்து 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். வயர்லெஸ் மவுஸ் ரிசீவரை டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள், 3.0 கிளப்பும் ரேடியோ இரைச்சல் மவுஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுத்து, கர்சர் திக்கித் திக்கி நகரும். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.