அப்டேட் போடும்போது நம் கான்ஃபிக் கோப்பு தப்புமா? டெபியனும் ராக்கியும்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் ஒரு கடையின் கணக்கு சர்வரை நாகர்கோவிலில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். அதில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் வகை. அவர்களுடைய மார்த்தாண்டம் கிளையில் ராக்கி லினக்ஸ். இரண்டிலும் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பயன்படுத்தும் போர்ட் எண்ணை, வழக்கமான 22-இலிருந்து, அதன் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் மாற்றி வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரி போனால் எனக்கு வாசலே இல்லை.

டெபியன் கேட்டுவிட்டுச் செய்யும் ரகம். முந்தைய பேக்கேஜோடு (மென்பொருள் பொதி) வந்த கோப்பு, இப்போது டிஸ்க்கில் இருப்பது, புதிதாக வருவது என மூன்றின் எம்டி5 எண்ணையும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்றது) டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி ஒப்பிடும். நாம் தொடாத கோப்பு என்றால் சத்தமில்லாமல் மாற்றிவிடும். நாம் மட்டும் மாற்றியிருந்தால் விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் நிறுத்திக் கேட்கும். எஸ்எஸ்ஹெச் கோப்புக்கு யுசிஎஃப் என்ற கருவி இதே கேள்வியைக் கேட்கிறது. ஒரு மழைநாளில், கரண்ட் போவதற்குள் முடிக்கும் அவசரத்தில், வித்தியாசத்தைப் பார்க்காமல் புதிய கோப்பையே தேர்ந்தெடுத்தேன். போர்ட் 22-க்குத் திரும்பிவிட்டது. திறந்திருந்த இணைப்பு அறுந்ததும் வெளியே நின்றேன். மறுநாள் காலை பஸ் பிடித்துப் போய், கடையில் உட்கார்ந்துதான் சரிசெய்ய முடிந்தது.

ராக்கியில் இந்தக் கேள்வியே வராது. பேக்கேஜ் செய்தவர் கோப்பை 'நோரீப்ளேஸ்' என்று குறித்திருந்தால் நாம் திருத்தியது அப்படியே நிற்கும். புதியது 'ஆர்பிஎம்நியூ' என்ற வாலோடு பக்கத்தில் கிடக்கும். வெறும் 'கான்ஃபிக்' என்று மட்டும் குறித்திருந்தால் தலைகீழ்: புதியது உள்ளே வரும், நம்முடையது 'ஆர்பிஎம்சேவ்' ஆகிவிடும். எஸ்எஸ்ஹெச் கோப்பு முதல் வகை, அதனால் மார்த்தாண்டத்தில் ஒருமுறைகூட வெளியே நின்றதில்லை. ஆனால் யாரும் பிரித்துப் பார்க்காத ஆர்பிஎம்நியூக்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. புதிய பாதுகாப்பு அமைப்பு ஏதாவது வந்திருந்தால் அது அந்தக் கோப்புக்குள்ளேயே தூங்கும். இதுவும் பாதுகாப்பு இல்லைதான்.

கேள்வி வருவதே நல்லது என்பேன், எதிரில் படிக்கிற ஆள் இருந்தால். இரவில் தானாக ஓடும் அப்டேட்டில் ஆள் ஏது? டெபியனின் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், டிபிகேஜி கேள்வி கேட்கும் என்று தெரிந்தால் அந்தப் பேக்கேஜையே தள்ளிவைத்துவிடும். பாதுகாப்புத் திருத்தமும் அதோடு நிற்கும்.

கோப்பை 'சேட்டர்' என்ற கட்டளை கொண்டு, மாற்றவே முடியாதபடி பூட்டிவிடலாம் என்பார்கள். வேண்டாம். டிபிகேஜி அதை மாற்ற முயன்று தோற்று, அப்டேட் பாதியில் நிற்கும். எட்ஸிகீப்பர் பரவாயில்லை: அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் கான்ஃபிக் கோப்புகள் இருக்கும் எட்ஸி அடைவு முழுவதையும், மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் 'கிட்' (Git) கருவியில் பதிந்துவைக்கும். எது மாறியது என்று காட்டும், தடுக்காது. பாஸ்வேர்ட் ஹாஷ்களும் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்) அதில் இருக்கும் என்பதால் வெளி சர்வருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

நான் கடைசியில் வந்து சேர்ந்தது தனிக் கோப்பு முறைக்கு. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2-இல், 2020-ல், சர்வர் கான்ஃபிக் கோப்புக்குள் வேறு கோப்புகளையும் சேர்த்துப் படிக்கவைக்கும் 'இன்க்ளூட்' வசதி வந்தது. இப்போது போர்ட் வரி 'எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி' அடைவில் எனக்கென ஒரு சிறு கோப்பில் இருக்கிறது. முதன்மைக் கோப்பை நான் தொடுவதே இல்லை. புதியது வந்தாலும் டெபியன் கேட்காமல் மாற்றிக்கொள்ளட்டும், என் வரி அதில் இல்லையே. குலசேகரத்தில் இதோடு எட்ஸிகீப்பரும் ஓடுகிறது. அப்புறம், ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் 'எஸ்எஸ்ஹெச்டி -t' போட்டு கான்ஃபிக்கில் பிழை உண்டா என்று சோதித்து, இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே நுழைந்து பார்த்த பிறகே பழைய இணைப்பை மூடுகிறேன்.