ஆறு வருடமாக ஒரே ட்ரில்லிங் மிஷின், கல்லுக்காலில் தோற்ற கதையும் சேர்த்து

2019ல் ஸ்க்ரீன் கம்பி மாட்ட வருகிறேன் என்று சொன்ன ஆள் மூன்று நாள் ஏமாற்றிய கோபத்தில், கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் வாங்கியது. 13 எம்.எம். இம்பேக்ட் ட்ரில், 600 வாட். இன்றும் அதுதான் ஓடுகிறது. நடுவில் ஒருமுறை உள்ளே தீப்பொறி அதிகமாகி தீய்ந்த வாடை வந்தது, கார்பன் பிரஷ் இரண்டையும் மாற்றினேன், சரியாகிவிட்டது. மிஷினைப் பற்றி அவ்வளவுதான். நான் பட்ட பாடெல்லாம் அதில் மாட்டித் துளைக்கிற பிட்டால் பட்டது.

கூடவே கொடுத்த தங்கக் கலர் பிட் செட்டைத்தான் முதலில் நம்பினேன். சுவரில் வைத்து அழுத்தினால் கீச்சென்று கத்தியது, புகை வந்தது, அரை நிமிடத்தில் முனை மொட்டை. அது இரும்புக்கான எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட், தங்கம் வெறும் மேல்பூச்சு. கலரைப் பார்க்காதீர்கள், நுனியைப் பாருங்கள். சுவர் பிட்டின் தலையில் கார்பைடு என்ற ரொம்பக் கெட்டியான துண்டு ஒன்று பற்றவைத்திருக்கும், தண்டைவிடக் கொஞ்சம் அகலமாக, விரலால் தடவினாலே தட்டுப்படும். மர பிட்டில் நடுவே ஆணி மாதிரி ஒரு கூர். மூன்றையும் தனித்தனி டப்பாவில் போட்ட பிறகு பாதித் தலைவலி போனது.

அடுத்தது ஹேமர் சுவிட்ச், அதைப் போட்டால் பிட் சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும். செங்கல், கான்கிரீட்டுக்கு மட்டும் அதைப் போடுங்கள். டைல்ஸில் போட்டால் விரிசல்தான்; ஹேமர் இல்லாமல், மெதுவாக, ஈட்டி முனை டைல்ஸ் பிட்டால் மேல்பூச்சைத் தாண்டிவிட்டு அப்புறம் சுவர் பிட்டுக்கு மாறணும். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் சுவரிலும் ஹேமர் வேண்டாம், உள்பக்கம் பெயர்ந்து ஸ்க்ரூவுக்காக வைக்கும் பிளக் உள்ளேயே விழுந்துவிடும் (எங்கள் சமையலறைச் சுவருக்குள் மூன்று கிடக்கிறது).

இரும்பு ஆங்கிளில் 10 எம்.எம். ஓட்டை வேண்டுமென்றால் சென்டர் பஞ்ச் என்ற கூர் முனைக் கம்பியால் ஒரு புள்ளி குத்தி, 4 எம்.எம். பிட்டால் முதலில் போட்டுவிட்டு, அப்புறம் பெரியது. ஒரு சொட்டு எண்ணெய், குறைந்த வேகம், நல்ல அழுத்தம். சுருள் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது, தூளாக வந்தால் வெறுமனே தேய்க்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பில் இப்படித் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் இன்னும் கெட்டியாகிவிடும், அப்புறம் புது பிட்டும் ஏறாது.

இப்போது கல்லுக்கால். மாந்தோப்பு கேட்டுக்குக் கீல் மாட்ட அதில் 12 எம்.எம். ஓட்டை வேண்டியிருந்தது. நம்ம கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் எவ்வளவு கெட்டி என்று சொல்லவே வேண்டாம். ஹேமர் போட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் ஏற்றி, கால் மணி நேரம் அழுத்தினேன். ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை, பிட் நுனி சிவந்துபோனது. ஆறட்டும் என்று பக்கெட் தண்ணீரில் முக்கினேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. சுர்ரென்றது, அடுத்த முறை வைத்ததும் கார்பைடு துண்டு கழன்று விழுந்தது. வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், கல் குவாரியில் வேலை பார்த்தவர், "ஏம்பா, கல்லைத் தேச்சா ஓட்டை வருமா, அடிக்கணும்பா" என்றார்.

விஷயம் அதேதான். இம்பேக்ட் ட்ரில்லில் இரண்டு பல் சக்கரங்கள் உரசித் துள்ளுவதுதான் ஹேமர், அந்த அடிக்குப் பலம் கிடையாது, நாம் அழுத்தினால்தான் கொஞ்சமாவது இறங்கும். ரோட்டரி ஹேமர் என்பது வேறு மிஷின், அதில் பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புத் துண்டைத் தள்ளி, அது பிட்டை ஓங்கி அடிக்கிறது. அதற்கு எஸ்.டி.எஸ். பிளஸ் பிட், பின்பக்கம் காடி வெட்டியிருக்கும், சாதாரண ட்ரில்லில் பிட்டைக் கவ்வும் சக்கில் பிடிக்காது. மறுநாள் வாடகைக்கு எடுத்து வந்தேன். சும்மா பிடித்துக்கொண்டாலே போதும், அவ்வப்போது பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தள்ளிவிட்டு, நான்கு ஓட்டையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், கல் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சொந்தமாக ரோட்டரி ஹேமர் வாங்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை கல் துளைக்கிறவனுக்கு வாடகையே போதும்.