லேப்டாப் என்னுடையது, அட்மின் பாஸ்வேர்டு கடைக்காரரிடம்: வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்

நான் ஜிஎஸ்டி, வருமான வரி ஃபைலிங் செய்து கொடுப்பவள். போன வருடம் எங்கள் ஊர்க் கடை ஒன்றில் புது லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ் 11, டேலி, பிரிண்டர் எல்லாம் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

அன்று 20ஆம் தேதி, மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி போடக் கடைசி நாள். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ரிட்டர்ன் பாக்கி. கம்பெனிக்கு ஓடிபி செல்லாது, டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்தக் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கனைப் புதிதாக மாற்றியிருந்ததால் அதன் டிரைவரை ஏற்றப் போனேன். திரை மங்கி நடுவில் ஒரு பெட்டி வந்தது. ‘யெஸ்’ அழுத்தினால் போதும் என்று நினைத்தேன். அது அட்மின் பாஸ்வேர்டு கேட்டது, அதாவது லேப்டாப்பில் எதையும் ஏற்றவும் மாற்றவும் உரிமையுள்ள கணக்கின் பாஸ்வேர்டு. மேலே இருந்த பெயர் என்னுடையது இல்லை, கடையின் பெயர்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். “அது வைரஸ் வராம இருக்கப் போட்ட செட்டிங், அக்கா. 500 ரூபா ஜிபே பண்ணிருங்க, நாளைக்குப் பையனை அனுப்புறேன்” என்றார். பாஸ்வேர்டையாவது சொல்லுங்கள் என்றேன். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால்தான் தருவார்களாம்.

ரிட்டர்ன் ஒரு நாள் தாமதமானது. தாமதக் கட்டணம் 50 ரூபாய்தான், நானே கட்டினேன். ஆனால் ஒரு மாதம்கூடத் தவறாமல் ஃபைல் செய்துவந்த கிளையன்ட். அவரிடம் காரணம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் என் தம்பி வந்து கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்று அடித்தான். யார் யார் அட்மின் என்று காட்டும் கட்டளை அது. பட்டியலில் இரண்டே பெயர்: விண்டோஸோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர், அப்புறம் கடை. காசு கொடுத்து வாங்கிய நான் வெறும் ஸ்டாண்டர்ட் யூசர், அட்மின் உரிமை இல்லாதவள். அதைவிட வயிற்றைக் கலக்கியது வேறு. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தது, அதாவது விண்டோஸின் பிட்லாக்கர் அதைப் பூட்டிவைத்திருந்தது. கடைக்காரர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டப் செய்ததால், அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயும் அவர் கணக்கில்தான் இருந்தது. ஏதாவது அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் அந்தக் கீயைக் கேட்டிருந்தால், அத்தனை கிளையன்ட் கணக்குக்கும் அவரிடம்தான் கையேந்தியிருக்க வேண்டும்.

ஃபைல்களை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்து, பென்டிரைவ் போட்டு விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினோம். இரண்டு நாள் வேலை போயிற்று.

ஸ்டாண்டர்ட் கணக்கைக் குறை சொல்லவில்லை. அன்றாட வேலைக்கு அதுதான் பாதுகாப்பு, இன்றும் அதில்தான் வேலை செய்கிறேன். தெரியாமல் ஏதாவது ஏறப் பார்த்தால் அது தடுக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் அட்மின் உரிமை தராததும் நியாயம்தான், அது கம்பெனியின் பொருள். சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்பின் அட்மின் பாஸ்வேர்டு வாங்கியவரிடம்தானே இருக்க வேண்டும்? என்னுடையது இப்போது ஒரு நோட்டில் எழுதி பீரோவுக்குள் இருக்கிறது.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன்பே செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், யுவர் இன்ஃபோ மூன்றையும் வரிசையாகத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்குக் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று இல்லாவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். ரெக்கவரி கீ எந்த மெயில் ஐடியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் அங்கேயே நின்று கேட்டுவிடுங்கள்.