பாலத்தைக் கண்ணால் பார்ப்பதா, கருவியால் அளப்பதா?

ஆள் போய் நேரில் பார்ப்பது மலிவான வழி. ஏணி, டார்ச், சுத்தியல் போதும். நல்ல கான்கிரீட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். அடைத்துக்கொண்ட வடிகாலையும் அதன் கீழே கம்பி தெரியும் வெடிப்பையும் கண்டுபிடிக்க இதைவிட வேகமான வழி இல்லை.

ஆனால் கண் எட்டாத இடமும் உண்டு. இத்தாலியின் ஜெனோவாவில் 1967-இல் திறந்த மொராண்டி பாலத்தின் தாங்குகம்பிகள் கான்கிரீட் உறைக்குள் இருந்தன. உள்ளே துரு அரித்தது வெளியே தெரியவில்லை. 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்தது. 43 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட பாலத்துக்குக் கருவிதான் சரி. கான்கிரீட்டுக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ரேடார், கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனை துருப்பிடிக்க வாய்ப்புள்ள இடத்தைச் சொல்லும், எவ்வளவு அரித்தது என்று சொல்லாது. செலவும் அதிகம், முடிவைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

அப்படியானால் எல்லாப் பாலத்துக்கும் கருவியா? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2022 ஜனவரி 28 அன்று விழுந்த ஃபெர்ன் ஹாலோ பாலத்தைப் பாருங்கள். வடிகால் அடைத்து, நீர் தேங்கி, எஃகுக் கால்கள் அரித்ததை ஆய்வாளர்கள் வெறும் கண்ணால் பார்த்தே பல முறை எழுதி வைத்திருந்தார்கள். பழுதுபார்க்கத்தான் ஆளில்லை. அங்கே சென்சார் மாட்டியிருந்தால் இன்னொரு அறிக்கை கூடியிருக்கும், அவ்வளவுதான்.

என் கணக்கில், கையில் இருக்கும் பணம் முதலில் சுத்தியலுக்கும் வடிகால் சுத்தம் செய்யவும் போகட்டும். உறைக்குள் கம்பி மறைந்திருக்கும் பாலங்களுக்கு மட்டும் கருவியைத் தள்ளிப்போட வேண்டாம்.