மார்சியானோவா, ஹோம்ஸா: ஒரு பூஜ்யத்தின் எடை

செப்டம்பர் 21 என்ற தேதி, குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸுக்குப் பிடித்திருக்க வாய்ப்பில்லை.

1955-இல் அதே நாளில், நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ ஆர்ச்சி மூரோடு மோதினார். மார்சியானோவுக்கு அதுவரை 48 வெற்றி, தோல்வியே கிடையாது. மூர், எடையில் அதற்குக் கீழே உள்ள லைட் ஹெவிவெயிட் பிரிவின் அப்போதைய சாம்பியன். இரண்டாவது ரவுண்டில் மூர் விட்ட வலதுகைக் குத்தில் மார்சியானோ கீழே விழுந்தார். எழுந்து வந்தவர், ஒன்பதாவது ரவுண்டில் மூரை எழ முடியாதபடி செய்துவிட்டார். 49-0, அதாவது 49 வெற்றி, தோல்வி பூஜ்யம். அடுத்த ஏப்ரலில் ஓய்வையும் அறிவித்தார்.

சரியாக 30 ஆண்டு கழித்து, லாஸ் வேகாஸில் ஹோம்ஸ் ரிங்குக்குள் ஏறினார். அவருக்கும் 48 வெற்றி, தோல்வி இல்லை. எதிரே நின்ற மைக்கேல் ஸ்பிங்க்ஸும் லைட் ஹெவிவெயிட் சாம்பியன்தான். கதையில் யாராவது இப்படி எழுதினால் நம்ப மாட்டோம். 15 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களும் ஸ்பிங்க்ஸுக்குக் கொடுத்தார்கள். அதில் இருவரின் மதிப்பெண் தாளில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. ஆத்திரத்தில் ஹோம்ஸ், என் லங்கோட்டைச் சுமக்கக்கூட மார்சியானோவுக்குத் தகுதியில்லை என்கிற ரீதியில் பேசிவிட்டார். மார்சியானோ 1969-லேயே விமான விபத்தில் இறந்துபோனவர். இறந்தவரைப் பற்றி, அதுவும் தோற்ற அன்று, இப்படிப் பேசினால் யார் மன்னிப்பார்கள்? பிறகு ஹோம்ஸ் வருத்தம் தெரிவித்தும், அவர் பெயரைச் சொன்னாலே அந்த வாக்கியம்தான் கூடவே வந்து நிற்கிறது.

ஆனால் அவர் சொன்ன முறை தப்பு என்பதால், மார்சியானோவைவிட ஹோம்ஸ் மேல் என்ற விஷயமும் தப்பாகிவிடுமா?

மார்சியானோவிடமிருந்து தொடங்குவோம். உயரம் ஆறடிக்குக் கீழே, எடை 85 கிலோ சுமார். இன்றைய கணக்கில் ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழே உள்ள க்ரூசர்வெயிட். கை வீச்சு, அதாவது இரு கைகளையும் விரித்தால் முனைக்கு முனை, 68 அங்குலத்தைத் தாண்டாது. அந்தக் குட்டைக் கைகளோடு குனிந்து குனிந்து உள்ளே புகுந்து, தோள், முழங்கை என்று எது கிடைத்தாலும் அடிப்பார். அழகு பார்த்து ஆடுகிறவர் இல்லை. 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் பட்டத்தைப் பறித்த சண்டையில் முதல் ரவுண்டிலேயே விழுந்தார். 12 ரவுண்டு வரை மூன்று நடுவர்களின் தாளிலும் பின்தங்கியே இருந்தார். பதின்மூன்றாவது ரவுண்டில் ஒரே ஒரு வலதுகைக் குத்து. வால்காட் கயிற்றில் சரிந்து மண்டியிட்டுத் தொங்கியதோடு எல்லாம் முடிந்தது. 49-இல் 43 நாக்-அவுட். இதையெல்லாம் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

தள்ள முடியாதது இன்னொன்றும் இருக்கிறது, எதிராளிகளின் வயது. முன்னாள் சாம்பியன் ஜோ லூயி 37, வால்காட் 38. மூரும் நாற்பதை நெருங்கியவர். எஸ்ஸார்ட் சார்லஸ் ஒருவர்தான் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார், அவரும் ஏகப்பட்ட சண்டைகளில் அடிபட்டு வந்தவர். மார்சியானோ பட்டத்தைக் காத்தது ஆறு முறை. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எதிரே யார் இருந்தார்களோ அவர்களைத்தானே அடிக்க முடியும்.

ஹோம்ஸ் பட்டத்தைக் காத்தது 20 முறை. அவருடைய சொத்து ஜாப் என்கிற இடதுகை நேர்க்குத்து. 80 அங்குலத்துக்கு மேல் வீச்சுள்ள கை. ஈட்டி மாதிரி நேராக வந்து முகத்தில் குத்திவிட்டுத் திரும்பும். முகமது அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தபோது பட்டைதீட்டிய ஆயுதம் அது. 1978-இல் கென் நார்ட்டனோடு மோதியபோது அந்த இடதுகையில்தான் காயம். ஆனாலும் 15 ரவுண்டு நின்றார். கடைசி ரவுண்டை எடுத்தவருக்குத்தான் பட்டம் என்ற நிலையில் இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். ஒரு புள்ளியில் ஹோம்ஸ் ஜெயித்தார். அடுத்த ஆண்டு எர்னி ஷேவர்ஸ் அடித்த அடியில் வேறு யாராக இருந்தாலும் படுத்தே இருந்திருப்பார்கள். ஹோம்ஸ் எழுந்து, பதினோராவது ரவுண்டில் சண்டையை முடித்தார்.

அவர் கணக்கிலும் ஓட்டை உண்டு. வெறும் பத்தே சண்டை ஆடியிருந்த மார்விஸ் ஃப்ரேசியரையெல்லாம் அடித்து எண்ணிக்கையை ஏற்றினார். அமைப்புக்கு ஒரு சாம்பியன் என்று பட்டங்கள் துண்டு துண்டாகப் பிரிந்திருந்த காலம். பிங்க்ளன் தாமஸ், கிரெக் பேஜ் போன்ற இளசுகளோடு அவர் மோதவே இல்லை. தன்னைத் திணறடித்த டிம் விதர்ஸ்பூனுக்கும் மறுவாய்ப்புத் தரவில்லை. 48-வது வெற்றியான கார்ல் வில்லியம்ஸ் சண்டையில் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தாலும் பெரிதாக யாரும் வாதாடியிருக்க மாட்டார்கள்.

சரி, பிறகு ஏன் ஒருவர் காவியம், இன்னொருவர் அடிக்குறிப்பு?

எனக்குத் தெரிந்த பதில், இருவரும் தங்கள் ஆதர்சத்தை அடித்த விதத்தில் இருக்கிறது. 1951-இல் மார்சியானோ ஜோ லூயியை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். அப்புறம் உடைமாற்றும் அறையில் அழுதார். ஒரு சகாப்தத்தை முடித்துவைத்த இளைஞன் என்று அமெரிக்கா அவரைக் கொண்டாடியது. 1980 அக்டோபரில் ஹோம்ஸின் முறை. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் அலி மெட்ராஸ் வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடி, ஊரையே மயக்கிவிட்டுப் போயிருந்தார். 38 வயது அலியை ஹோம்ஸ் பத்து ரவுண்டு அடித்தார். நிறுத்தச் சொல்லி நடுவரைப் பார்த்துக்கொண்டே அடித்தார். கடைசியில் அலியின் மூலையில் இருந்த அவருடைய ஆட்களே நிறுத்தினார்கள். ஹோம்ஸும் அழுதார். ஆனால் அந்தக் கண்ணீர் யார் கண்ணிலும் படவில்லை. அலிக்குப் பின் வரும் எவரையும் கூட்டம் அலியோடுதான் ஒப்பிடும். 1950-களின் அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரச் சாம்பியனுக்கு இருந்த வரவேற்பையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு ஹோம்ஸ் பக்கம். நேருக்கு நேர் நிறுத்தினால் அந்த ஜாபைத் தாண்டி மார்சியானோ உள்ளே வருவது கஷ்டம். வந்துவிட்டால் கதை வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னை முடிவு செய்யவைத்தது அந்தக் கற்பனைச் சண்டை அல்ல. மார்சியானோ 32 வயதில் பூஜ்யத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். புத்திசாலித்தனம்தான். ஹோம்ஸுக்கு அது கைவரவில்லை. ஸ்பிங்க்ஸிடம் இரண்டாம் முறையும் தோற்றார், 1988-இல் டைசனிடம் நான்கே ரவுண்டில் விழுந்தார். அதற்கும் பிறகு, 1992-இல், 42 வயதில், தோல்வியே காணாத ஒலிம்பிக் தங்க வீரர் ரே மெர்சரோடு மோதினார். ஒரு கட்டத்தில் மூலையில் சாய்ந்து நின்று, மெர்சரின் குத்துகளைத் தடுத்துக்கொண்டே, கேமராவைப் பார்த்துப் பேசினார். 12 ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களும் கிழவருக்கே கொடுத்தார்கள்.