கலந்து அடிப்பதா, மாற்றி மாற்றி அடிப்பதா?

மருந்தடித்த மூன்றாம் நாள் காலையில் கத்தரி இலையைத் திருப்பினேன். வெள்ளை ஈ குப்பென்று கிளம்பி முகத்தில் மோதியது. அடித்திருந்தது இமிடாகுளோப்ரிட். அதற்கு முந்தின முறை தயோமீதாக்சம், அதற்கும் முன்னால் அசிட்டமிப்ரிட். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது என்ற பாடத்தை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்திருந்தேன். அப்படியும் மருந்து கேட்கவில்லை.

இந்த நிலைமையில் எவருக்கும் மூன்று வழிகள்தான் தோன்றும்: டோஸைக் கூட்டலாம், இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கலாம், அல்லது திட்டம் போட்டு மாற்றி மாற்றி அடிக்கலாம். நான் போனது மூன்றாவது வழியில். இன்றும் அதன் கட்சிதான்.

டோஸ் கூட்டுவதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ‘பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது’ என்கிறோம். உண்மையில் தனி ஒரு பூச்சி எதற்கும் பழகுவதில்லை. மருந்தைத் தாங்கும் மரபணுவோடு ஒன்றிரண்டு ஏற்கெனவே கூட்டத்தில் இருக்கும். மற்றவை செத்ததும் செடி முழுக்க அவற்றுக்குத்தான். அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். டோஸைக் கூட்டினால் இருப்பதிலேயே முரட்டுப் பூச்சிகளைப் பொறுக்கி வளர்த்த மாதிரி ஆகிவிடும். நன்மை செய்யும் பூச்சிகளும் கூடவே போய்விடும். இது நேற்று முளைத்த சிக்கலும் அல்ல. கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்குச் சான் ஹோசே செதில் பூச்சி சாகவில்லை என்று அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் மெலாண்டர் எழுதியது 1914-இல். டிடிடி வரும் முன்பே!

கலந்து அடிப்பது காகிதத்தில் ரொம்ப அழகான யோசனை. ஒரு மருந்தைத் தாங்குவது பத்து லட்சத்தில் ஒன்று, இன்னொன்றைத் தாங்குவதும் பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்துத் தாங்குவது லட்சம் கோடியில் ஒன்று. கணித மாதிரிகள் பலவற்றில் கலவைதான் ஜெயிக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. இரண்டும் முழு அளவில் இருக்க வேண்டும். செடியில் ஏறக்குறைய ஒரே காலம் தங்க வேண்டும். ஒன்று நான்கு நாளில் கரைந்து மற்றது மூன்று வாரம் நின்றால், மீதி நாளெல்லாம் ஒற்றை மருந்துதான். எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சி இரண்டில் ஒன்றைக்கூட ஏற்கெனவே எதிர்த்திருக்கக் கூடாது. என் தோட்டத்தில் ஒன்று அப்போதே செத்த குதிரை. கலந்திருந்தால் மிச்சமிருந்த குதிரையையும் தனியாக ஓடவிட்டுக் கொன்றிருப்பேன்.

இனி மாற்றி அடிப்பது. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: குழு எண். பூச்சிமருந்துக் கம்பெனிகள் சேர்ந்து 1984-இல் தொடங்கிய ஐராக் அமைப்பு, மருந்து பூச்சியின் உடலில் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதை வைத்து எண் கொடுத்திருக்கிறது. நான் மாற்றி மாற்றி அடித்த மூன்றுக்கும் எண் ஒன்றே: 4ஏ. மூன்றும் பூச்சியின் நரம்பில் செய்தியை வாங்கும் ஒரே ஏற்பியைப் பிடிப்பவை. சட்டையை மாற்றினேன், ஆளை மாற்றவில்லை.

இந்தக் குழி எங்கும் இருக்கிறது. சைபர்மெத்ரின் போய் லாம்ப்டா சைஹாலோத்ரின் வந்தால் அதுவும் 3ஏ, இதுவும் 3ஏ. புரோபெனோபாஸ் 1பி, கார்பமேட்டுகள் 1ஏ. எழுத்து வேறானாலும் இரண்டும் அடைப்பது ஒரே நொதியைத்தான். ஆகவே எழுத்தை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். புட்டியில் எண் இல்லையென்றால் வேதிப்பெயரைப் படித்து ஐராக் பட்டியலில் தேடிவிடலாம். வணிகப் பெயரை வைத்து மாற்றுவது வீண்வேலை.

அடுத்த கேள்வி, எப்போது மாற்றுவது? ஒவ்வொரு தெளிப்புக்கும் எண்ணை மாற்றுவதுதான் சரி என்று நானும் நினைத்திருந்தேன். கணக்கு தெளிப்பில் இல்லை, தலைமுறையில் இருக்கிறது. வெப்பமான பருவத்தில் வெள்ளை ஈ முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர மூன்று வாரம் போல ஆகும். அந்த மூன்று வாரத்துக்குள் இரண்டு முறை அடிக்க நேர்ந்தால் அதே எண்ணை அடிக்கலாம். அடுத்த தலைமுறைக்கு அந்த எண் வரவே கூடாது. அப்பனைக் கொன்ற மருந்து பிள்ளைக்கு வேண்டாம். முதல் மருந்துக்குத் தப்பியவற்றின் பிள்ளைகளை இரண்டாம் மருந்து பார்த்துக்கொள்ளும். எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பதால் பூச்சிக்கு முட்டையிடுவதிலோ வளர்ச்சியிலோ இழப்பு இருந்தால், அந்த இடைவெளியில் அதன் பங்கு தானாகவே குறையும். இழப்பு எல்லாப் பூச்சிக்கும் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண் மாறினால் போதும் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. இமிடாகுளோப்ரிட்டைத் தாங்கும் வெள்ளை ஈக்கள் பல, அந்த மருந்தை உடலுக்குள்ளேயே சிதைக்கும் ஒரு நொதியை அளவுக்கு மீறிச் சுரப்பவை. அதே நொதி பைமெட்ரோசினையும் சிதைக்கும். அதன் எண்ணோ 9பி, தாக்கும் இடமும் முற்றிலும் வேறு. ஆகவே 4ஏ அடித்த கையோடு 9பி-க்குப் போவதை நான் தவிர்க்கிறேன்.

என் அனுபவம் கத்தரி, தக்காளியில் வெள்ளை ஈயோடு நிற்கிறது. முட்டைக்கோஸில் வைரமுதுகுப் புழுவோடு ஒரே ஒரு பருவம் மல்லுக்கட்டியதை வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன். 1950-களில் ஜாவாவில் டிடிடியையும், பிறகு ஹவாயில் பிடி பாக்டீரியா மருந்தையும் வயலில் முதன்முதலாகத் தாண்டிய பூச்சி அது. அங்கே மருந்து மாற்றுவதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது தோட்டத்து நோட்டில் தேதி, எண், மூன்றாம் நாள் இலையடியில் எண்ணிய ஈ என மூன்று கட்டங்கள் மட்டும். மருந்தின் பெயருக்குக் கட்டமே போடவில்லை. கடைசியாக அடித்தது 23, ஸ்பைரோமெசிபென். அடுத்த கட்டத்தில் 12ஏ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். இலையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பேனா.