ஆர்எக்ஸ் 100: இரண்டாவது தடவை இன்ஜின் கட்டி 16,400 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

என் வண்டி 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. குடியாத்தம் பக்கம் ரிட்டயர் ஆன ஒரு வி.ஏ.ஓ.விடம் 2019-ல் வாங்கினேன். ஒரே கை வண்டி. ஆனால் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நாலைந்து வருஷம் நின்றிருந்தது. 2021-ல் இன்ஜின் வேலை பார்த்தேன், 1,100 கிலோமீட்டரில் ஜாம் ஆனது. 2022-ல் மறுபடி கட்டினேன், இன்றைக்கு 16,400 ஓடியிருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், பிஸ்டன் இல்லை, போரிங் இல்லை. நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு ரப்பர் வளையம்.

இந்த வண்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், போர் (சிலிண்டரின் உள் அகலம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) அதே 50. பதினொரு குதிரைத்திறனை நூறு கிலோ சுற்றியுள்ள வண்டியில் வைத்தால் என்ன ஆகும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். 1985-ல் முதலில் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே பூட்டி விற்றது, 1996-ல் புகைக் கட்டுப்பாடு நெருக்கியதில் தயாரிப்பு நின்றது. கேம் கிடையாது, கேம் திறந்து மூடுகிற வால்வு கிடையாது, டைமிங் செயின் கிடையாது. அதனாலேயே "இதுல என்ன இருக்கு, ரெண்டு மணி நேர வேலை" என்று சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர். அப்படிச் சொன்ன ஒரு பட்டறையில்தான் முதல் தடவை விட்டேன்.

மேல் வேலை மட்டும் பார்த்தார்கள். சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி, உட்சுவரை 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன், ரிங், பேக்கிங். கீழே கிராங்க் சுற்றும் கேஸைத் திறக்கவில்லை. வண்டி ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது, சத்தமும் அழகாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை: சூடேறினால் ஐட்லிங் தானாக ஏறும். சிக்னலில் நின்றால் கை வைக்காமலே ரேஸ் ஆகும். போய்க் கேட்டேன். ஸ்லோ ஸ்குரூவைத் திருகிக் குறைத்துவிட்டு, "புது இன்ஜின் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நானும் நம்பினேன். பிறகு ஆம்பூர் தாண்டி பைபாஸில், நாலாவது கியரில் எழுபத்தைந்தில் போகும்போது சத்தம் திடீரென்று மெலிந்து கீச்சென்று ஆனது. அடுத்த நொடி பின்சக்கரம் நின்று ரோட்டை இழுத்தது. கிளட்சைப் பிடித்துவிட்டதால் விழவில்லை. இன்றைக்கும் அந்த வண்டியில் ஏறினால் இடது கை இரண்டு விரல் கிளட்ச் லிவர் மேலேயே இருக்கும்.

வேலூரில் ஒரு பாய் பழைய டூ ஸ்ட்ரோக் மட்டும் பார்ப்பார். பிளாக்கைத் தூக்கினார். பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் நகத்தால் கீறின மாதிரி நெடுகக் கோடு, மறுபக்கம் சுத்தம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆயில் இல்லாம புடிச்சது இல்ல. காத்து குடிச்சிருக்கு" என்றார்.

அவர் சொன்னதை அப்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் இருக்கும் கேஸும் ஒரு பம்ப்தான். கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல், காற்று, ஆயில் எல்லாம் முதலில் அந்தக் கேஸுக்குள் போய், அங்கே அமுங்கி, பிறகுதான் மேலே ஏறுகிறது. கிராங்கின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ஆயில் சீல், ஆரம்பத்தில் சொன்ன ரப்பர் வளையம் அதுதான். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும், அதையாவது கண்ணால் பார்த்துவிடலாம். மேக்னெட் (கரண்ட் தரும் காந்தச் சக்கரம்) பக்கச் சீல் போனால் புகையும் வராது, ஒழுகலும் தெரியாது. பெட்ரோலும் ஆயிலும் கலக்காத வெறும் காற்று உள்ளே போகும், கலவை மெலியும், சூடு ஏறும். வெளியே தெரிவது ஏறுகிற ஐட்லிங் மட்டும். மேக்னெட்டைப் புல்லர் போட்டுக் கழற்றிப் பார்த்தோம். சீலின் உதடு ரப்பராகவே இல்லை. குடம்புளி மாதிரி காய்ந்து, நகத்தால் தட்டினால் டக் டக் என்றது. கம்பெனியில் போட்ட சீலாகவே இருக்க வேண்டும்.

இந்தத் தடவை கேஸைப் பிளந்தோம். பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டான கன்ராட் கிட் வாங்க மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் 'ஒரிஜினல்' டப்பா எடுத்துக் கொடுத்தார்கள், கம்பெனிப் பெயரிலேயே ஒரு எழுத்துப் பிழை! சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன், அவரும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். என் அனுபவத்தில் புது டூப்ளிகேட்டை விட நல்ல நிலையில் இருக்கும் பழைய ஒரிஜினல் எவ்வளவோ மேல், சீலும் பேரிங்கும் தவிர. அந்த இரண்டையும் பழசாக வாங்கவே கூடாது.

கிராங்கைப் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்துப் புது கன்ராட் ஏற்றினார் பாய். ஏற்றுவது பெரிய விஷயமில்லை, நேராக்குவதுதான் வித்தை. இரண்டு சென்டருக்கு நடுவில் நிறுத்தி, டயல் கேஜை (முள் வைத்த அளவுமானி) முனையில் தொடவிட்டு, கையால் மெல்லச் சுற்றுவார். முள் எட்டு கோடு ஆடியது. சாக்பீஸால் ஒரு குறி போட்டு, செம்புச் சுத்தியலால் ஒரே தட்டு. மறுபடி சுற்று, ஐந்து கோடு. இன்னொரு தட்டு, ஏழுக்குப் போய்விட்டது. வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குக்குள் வரும்வரை விடவில்லை, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதன் பலன் ஹேண்டில்பாரில் தெரிகிறது. முன்பு அறுபதில் கை மரத்துப்போகும், இப்போது இல்லை.

பிளாக் 0.75-க்கு போர் ஆனது, பிஸ்டன் இடைவெளி லேத் பாஷையில் ஒன்றரை தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). போர் போட்டு வந்ததும் அப்படியே பூட்டிவிடக் கூடாது. சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் போர்ட் துவாரங்களின் ஓரம் பிளேடு மாதிரி நிற்கும். விரலை விட்டுப் பார்த்து வெட்டிக்கொண்டேன். ரிங் அந்த ஓரத்தில் மேலும் கீழும் ஓடினால் என்ன மிஞ்சும்? சின்ன ஆயில் ஸ்டோனால் ஒவ்வொரு ஓரத்தையும் லேசாக மழுக்க எனக்கு அரை நாள் ஆனது. முதல் பட்டறை இதையும் செய்திருக்கவில்லை, பழைய ரிங்கில் அதற்கான தடம் இருந்தது.

பிஸ்டனைக் கன்ராடோடு கோர்க்கும் கட்ஜன் பின்னுக்கு லாக் (சின்னக் கம்பி வளையம்) மாட்டும்போது கேஸ் வாயில் துணி அடைக்கச் சொல்வார்கள். அடைக்காமல் மாட்டினேன். கை நழுவி லாக் உள்ளே விழுந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஸ்குரூடிரைவரில் ஒட்டவைத்து, கிராங்கை மெல்ல மெல்லத் திருப்பி எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

எல்லாம் பூட்டியபின் எங்காவது காற்று கசிகிறதா என்று ஒரு சோதனை செய்தேன். பழைய பிளக்கின் உட்புறத்தைத் தட்டி எடுத்து, அதில் ஒரு பித்தளைக் குழாய் வைத்து ஒட்டினேன். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து இறுக்கி, ஆயில் பம்ப் குழாயைக் கிளிப்பில் நெரித்து, பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, அம்மாவின் பி.பி. பார்க்கும் கருவியை அந்தக் குழாயில் மாட்டினேன். பல்பை அமுக்கி முள்ளை 300-க்கு ஏற்றினால் அது கிட்டத்தட்ட ஆறு பி.எஸ்.ஐ. ஐந்து நிமிஷம் முள் நிற்க வேண்டும். ஒரு நிமிஷத்தில் பாதிக்கு இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவினால் பிளாக்குக்கு அடியில் பேக்கிங் ஓரத்தில் நுரை. கழற்றி, முகத்தைத் துடைத்து, புது பேக்கிங் போட்டுப் பூட்டினேன். இரண்டாவது தடவை முள் அசையவில்லை. பாய் பார்த்துவிட்டு, "இன்ஜினுக்கே பிரஷர் பாக்கறியா" என்றார். இப்போது அவர் பட்டறையிலும் ஒரு பி.பி. மெஷின் தொங்குகிறது.

ரன்னிங்-இன், அதாவது புது இன்ஜினைப் பழக்குவது, முதல் 500 கிலோமீட்டர் நாற்பத்தைந்து வேகத்துக்குள். ஆயில் பம்பில் காற்று எடுத்திருந்தாலும் முதல் டேங்கில் பெட்ரோலோடும் கொஞ்சம் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்தேன்.

அதன்பிறகு இந்த 16,400-ல் நடந்தவை: மைலேஜ் சராசரி 38. 2டி ஆயில் லிட்டருக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். 8,000-ல் சைலன்சரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கரி எடுத்தேன். 9,000-ல் கிளட்ச் பிளேட் மாற்றினேன். பெரிய தொல்லை பெட்ரோல்தான். எத்தனால் கலப்பு இருபது சதவீதத்துக்கு வந்தபின் பிளக் நிறம் வெளுக்க ஆரம்பித்தது, கலவை மெலிகிறது என்று அர்த்தம். ஒருமுறை சூடுபட்டவனுக்கு அது போதாதா? கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினேன், பிளக் மறுபடி காபி நிறத்துக்கு வந்தது. பெட்ரோல் டியூப் இரண்டு தடவை ஊதி இளகிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுகிறேன்.

செலவு முதல் தடவை ஒன்பதாயிரத்துச் சொச்சம், இரண்டாவது தடவை பதினாலாயிரம். சேர்த்துப் பார்த்தால் வீட்டில் சொல்லக்கூடிய தொகை இல்லை.

போன மாதத்திலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் லேசாகத் தட்டுகிறது, இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது. பாய் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் அஞ்சாயிரம் ஓட்டு" என்றார். இந்த பிளாக்கில் இன்னும் ஒரே ஒரு சைஸ்தான் பாக்கி, அதற்கப்புறம் உள்ளே ஸ்லீவ் (புதுக் குழாய்) போட வேண்டும். 1.00 ஓவர்சைஸ் பிஸ்டன் ஒன்றைப் போன வாரம் புதுப்பேட்டையில் வாங்கிவிட்டேன். டப்பாவில் எழுத்துப் பிழை இல்லை. கூடவே இரண்டு பக்கச் சீலும்.